துணியின் ஓரத்தில் யார் பெயர்?

1942ஆம் ஆண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்துகொண்ட கீஸ் பெண்ட் என்ற சிற்றூர். மிசௌரி பெட்வே என்ற கறுப்பினப் பெண்ணின் கணவர் இறந்துபோகிறார். அவர் வயல்வேலைக்கு உடுத்திய கால்சட்டைகளையும் சட்டைகளையும் அந்த அம்மா தூக்கி எறியவில்லை. மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவற்றைப் பிரித்து, பட்டை பட்டையாகக் கிழித்து, ஒன்றோடொன்று சேர்த்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்து அதைப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம்.

அந்த ஊரில் இப்படித் தைத்த போர்வைகள் ஏராளம். ஆங்கிலத்தில் குவில்ட் என்கிறார்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் பிடித்து நிறுத்தும் கைத்தையல். வேலைத்துணியில் தைத்தவற்றைப் பார்த்தாலே உழைப்பு தெரியும். முழங்கால் பட்ட இடம் வெளுத்திருக்கும். பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் பழைய நீலத்தோடு இருக்கும். கடைக்காரன் கணக்கில் இது கந்தல், விலையே இல்லாதது. அறுபது ஆண்டுகள் கழித்து, 2002இல், மிசௌரி பெட்வே தைத்த அதே போர்வை அருங்காட்சியகத்தின் வெள்ளைச் சுவரில் தொங்கியது. பக்கத்தில் சிறு அட்டையில் அவர் பெயர், ஆண்டு, துணியின் வகை. மக்கள் சீட்டு வாங்கி வந்து பார்த்தார்கள்.

இந்த அறுபது ஆண்டுகளில் துணி மாறவில்லை. அதன் மேல் எழுதியிருந்த பெயரும், அந்தப் பெயரால் வந்த விலையும் மாறின. துணிக்குப் பெயர் வைப்பவர் யார், விலை வைப்பவர் யார் என்று கேட்டால் அது சாதியின், இனத்தின் வரலாற்றில் கொண்டுபோய் விடுகிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப் போகிறோம்.

தோழர்களே, கறுப்பின மக்களின் வரலாற்றை நாம் வாசிப்பது வெறும் ஆர்வத்தால் அல்ல. புரட்சியாளர் அம்பேத்கர் 1946இல் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கவிருந்த மனுவைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதம் அது. அவர்கள் போராட்டத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று அவர் அன்றே கருதினார்.

சட்டம் நெய்த துணி

அமெரிக்காவில் அடிமைமுறை இருந்த காலத்தில் ஒரு துணிக்கு ‘நீக்ரோ துணி’ என்றே பெயர். வணிகர்களின் பேரேட்டிலும் செய்தித்தாள் விளம்பரங்களிலும் அந்தப் பெயரே இருந்தது. பருத்திப் பாவில் மட்டமான கம்பளி ஊடை ஓட்டிய முரட்டுத் துணி அது. சணல் நாரிலும் பருத்தியிலும் வேறு முரட்டு வகைகளும் இருந்தன. இப்போது நாம் வாயில் எடுக்கத் தயங்கும் ஓர் இழிசொல் அன்றைக்கு ஒரு சரக்கின் தரக்குறியீடு. யார் உடுத்த வேண்டும் என்பதைத் துணியின் பெயரே சொல்லிவிட்டது.

பெயரோடு நிற்கவில்லை, சட்டமும் வந்தது. தென் கரோலினாவில் 1739இல் ஸ்டோனோ என்ற இடத்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே, 1740இல், ‘நீக்ரோ சட்டம்’ கொண்டுவந்தார்கள். அடிமைகள் தங்கள் நிலைக்கு மீறி நன்றாக உடுத்துகிறார்கள் என்று அந்தச் சட்டம் குறைப்பட்டுக்கொண்டது. நீக்ரோ துணி, முரட்டுக் கம்பளி, ஓசன்பர்க், கட்டம் போட்ட மட்டப் பருத்தி என்று ஒரு பட்டியல் போட்டு, அதைவிட உயர்ந்த எதையும் அவர்கள் உடுத்தக் கூடாது என்றது. மீறினால் காவலர் அந்த உடையைப் பறித்துக்கொள்ளலாம். இதே சட்டம்தான் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு 100 பவுண்டு அபராதம் விதித்தது. என்ன உடுத்தலாம் என்பதைத் தீர்மானித்தவர்களே யார் எழுதலாம் என்பதையும் தீர்மானித்தார்கள். எழுதத் தடை செய்யப்பட்டவர்கள் தங்கள் உழைப்பின் மேல் தங்கள் பெயரை எங்கிருந்து எழுதுவது?

இதை வாசிக்கும்போது நமக்கு வேறு பக்கங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. மனுஸ்மிருதியின் பத்தாவது அத்தியாயம் சண்டாளருக்குப் பிணத்தின் துணியே உடை என்கிறது. அது பழைய நூல்தானே என்று சொல்பவர்களுக்கு 1930 டிசம்பரை நினைவூட்டுவோம். இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சாதி பற்றிய தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1927 டிசம்பரில், மஹாடில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர் சேலை கட்டும் முறையை மாற்றச் சொன்னார். பார்த்தவுடன் சாதியைக் காட்டிக்கொடுக்கும் நகைகளையும் விடச் சொன்னார். உடம்பின் மேல் மாட்டிய பெயர்ச்சீட்டை முதலில் கழற்றுங்கள் என்பதுதான் அதன் பொருள்.

அடிமைகளுக்கான துணியைப் பெரிய அளவில் நெய்தவர்கள் தெற்கில் இல்லை. அடிமைமுறை ஒழிந்துகொண்டிருந்த வடக்கில், ரோட் ஐலண்ட் மாநிலத்து ஆலைகளில் நெய்தார்கள். பீஸ் டேல் என்ற ஊரில் ஹசார்ட் குடும்பம் இந்த வணிகத்தில் பெயர் பெற்றது. அந்தக் குடும்பத்து ரோலண்ட் ஹசார்ட் 1841–42 குளிர்காலத்தில் நியூ ஆர்லியன்ஸ் போனபோது, சுதந்திரமான கறுப்பினத்தவர் பலர் அடிமைகள் என்று சந்தேகிக்கப்பட்டுச் சங்கிலியில் கட்டப்பட்டிருப்பதைக் கண்டு, போராடி விடுவித்தார். அதே மனிதர் அங்கே போனது தோட்ட முதலாளிகளுக்கு அடிமைத்துணி விற்க. ஒரு முறையின் கொடுமையைக் கண்டு மனம் இளகுகிறவரே அந்த முறையின் லாபத்திலும் வாழ முடியும். இப்படிப்பட்ட நல்லவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

உடுத்தியவர்கள் அந்தத் துணியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அடிமையாகப் பிறந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் ஆண்டுக்கான துணிக்கணக்கையே தருகிறார். வேலைக்குப் போகாத சிறு பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முரட்டுச் சட்டைகள், வேறொன்றும் கிடையாது. அவை கிழிந்தால் அடுத்த பங்கீடு வரும்வரை அம்மணம். புக்கர் டி. வாஷிங்டன் சிறுவனாக அணிந்த சணல்நார்ச் சட்டை புதிதாக இருக்கும்போது உடம்பெல்லாம் ஊசியாகக் குத்துமாம். அவருடைய அண்ணன் ஜான் அந்தப் புதுச் சட்டையைச் சில நாள் தாம் போட்டு, முரட்டுத்தனம் போனபின் தம்பிக்குக் கொடுத்தார். துணியின் தரம் என்றால் என்ன என்பதை ஆலை முதலாளியைவிட அந்த அண்ணன் நன்றாக அறிந்திருந்தார்.

இந்தக் கதையில் நம் கடற்கரைக்கும் ஓர் இழை உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம்போட்ட கைக்குட்டைத் துணி ‘மெட்ராஸ்’ என்ற பெயரில் லண்டன் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் அதுவும் ஒன்று. 1786இல் லூசியானாவின் ஆளுநர், சுதந்திரமான கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூடவேண்டும் என்று ஆணையிட்டார். அந்தப் பெண்கள் பளிச்சென்ற மெட்ராஸ் துணியை எடுத்து அழகாகச் சுற்றிக்கட்டி, அவமானச் சின்னத்தை அலங்காரமாக மாற்றிவிட்டார்கள். துணிக்குத் துறைமுகத்தின் பெயர் நிலைத்தது. நெய்தவரின் பெயரும், அதற்கு விலையாகப் போனவரின் பெயரும் எங்கும் இல்லை.

முதலாளியின் பெயரே குடும்பப் பெயர்

மீண்டும் கீஸ் பெண்டுக்கு வருவோம். ஊரின் பெயரே ஜோசப் கீ என்ற தோட்ட முதலாளியின் பெயர். 1845இல் அந்தத் தோட்டம் மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அவர் வட கரோலினாவிலிருந்து தம் அடிமைகள் சுமார் நூறு பேரை அலபாமாவுக்கு நடத்தியே கூட்டிவந்தார். நூற்றுக்கணக்கான மைல் நடை. விடுதலைக்குப் பிறகும் அந்த மக்களோடு ஒட்டிக்கொண்டது பெட்வே என்ற பெயர். இன்று உலகம் வியக்கும் போர்வைக் கலைஞர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் அதுதான். அவர்களில் பலர் ஒருவருக்கொருவர் இரத்த உறவுகூடக் கிடையாது. சரக்கின் மேல் முதலாளி ஒட்டிய சீட்டு மனிதர்களின் பெயராக நிலைத்துவிட்டது.

1865இல் அடிமைமுறை ஒழிந்தது. நிலம் மட்டும் கைமாறவில்லை. பழைய அடிமைகள் அதே மண்ணில் குத்தகை விவசாயிகள் ஆனார்கள். விதை, உரம், உணவு எல்லாம் கடன். பருத்தி விளைந்ததும் கணக்கைக் கடைக்காரர் எழுதுவார், எடையும் அவர் போடுவார், விலையும் அவர் சொல்வார். 1930களின் தொடக்கத்தில் பருத்தி விலை ஒரு பவுண்டுக்கு ஆறு சென்ட் அளவுக்கு விழுந்தது. கீஸ் பெண்ட் மக்களுக்குக் கடன் கொடுத்துவந்த வணிகர் 1932இல் இறந்தார். அவர் குடும்பம் கடனை ஒரேயடியாக வசூலிக்க ஆளனுப்பியது. அறுபது குடும்பங்களின் மாடு, கோவேறு கழுதை, கலப்பை, சோளம், கோழிவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய மாவில் அந்தக் குளிர்காலம் கழிந்தது. காகிதமும் பழந்துணியும்தான் சுவரின் ஓட்டையை அடைத்தன. போர்வை அங்கே கலையாகத் தொடங்கவில்லை. குளிரில் பிள்ளைகள் சாகாமல் இருக்கத் தைத்தது அது.

1937 முதல் அரசு அந்தத் தோட்டத்தை வாங்கி, நீண்டகாலக் கடனில் குடும்பங்களுக்கு விற்றது. இந்த ஒரு செய்தியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அந்த ஊர்ப் பெண்கள் தலைநிமிர்ந்து நிற்க அடிப்படை இந்த நிலம்தான்.

சாக்கின் மேல் அச்சு

அந்தக் காலத்தில் ஏழை வீட்டுக்கு இலவசமாகக் கிடைத்த துணி சாக்குதான். மாவு, சர்க்கரை, கோழித்தீவனம், உரம் எல்லாம் பருத்திப் பைகளில் வந்தன. 100 பவுண்டு தீவனப் பையின் தையலைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்றே கூடுதலான துணி கிடைக்கும். மூன்று பை சேர்ந்தால் ஒரு பெண்ணுக்குக் கவுன். கறுப்பர், வெள்ளையர் என்று இல்லாமல் தெற்கின் ஏழைகள் எல்லோரும் இதை உடுத்தினார்கள்.

சிக்கல் கம்பெனியின் அச்சில் இருந்தது. பெயரும் எடையும் பெரிய எழுத்தில் பையின் மேல் இருக்கும். பெண்கள் அதில் பன்றிக்கொழுப்போ மண்ணெண்ணெயோ தேய்த்து, இரவெல்லாம் ஊறவைத்து, மறுநாள் துவைத்து எடுப்பார்கள். முழுக்கப் போகாது. முதுகில் மாவுக் கம்பெனியின் பெயரோடு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். 1920களில் வணிகர்கள் இதைக் கவனித்து, பூப்போட்ட பைகளை அச்சிடத் தொடங்கினார்கள். பிறகு எளிதில் கரையும் மையும், கிழித்தெடுக்கும் காகிதச் சீட்டும் வந்தன. பூ பிடித்திருந்தால் தீவனம் அதிகம் விற்கும் என்பது கணக்கு.

இப்போது அமெரிக்கப் போர்வைத்துணிக் கடைகளில் அந்தச் சாக்குப் பூக்களைப் பார்த்து அச்சிட்ட புதுத் துணி, ‘1930களின் மறுபதிப்பு’ என்ற பெயரில் கெஜக் கணக்கில் விற்கிறது. சட்டம் போட்டு அடிமைகளுக்கு உடுத்திய ஓசன்பர்க்கும் கைவினைத் துணியாக விற்கிறது. அந்தப் பெயர் ஒரு ஜெர்மன் நகரத்தை நினைவில் வைத்திருக்கிறது. உடுத்தியவர்களை நினைவில் வைத்திருக்கவில்லை. வறுமை கழிந்த பிறகு அதன் அழகுக்கு மட்டும் விலை கிடைக்கிறது. கேழ்வரகுக் கூழ் நட்சத்திர உணவகத்துக்குப் போன கதை நமக்குத் தெரியுமே.

பத்து டாலரிலிருந்து கூட்டுறவுக்கு

கீஸ் பெண்ட் இருக்கும் வில்காக்ஸ் மாவட்டத்தில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். ஆனால் 1965இன் தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. 1962இல், மக்கள் வாக்குரிமைக்காக ஆற்றைக் கடந்து மாவட்டத் தலைநகர் போகத் தொடங்கியபோது, படகுச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். அக்கரைக்குப் போக ஆற்றைச் சுற்றிக்கொண்டு நெடுந்தூரம் சாலையில் போகவேண்டும். படகு மீண்டும் ஓடியது 2006இல்தான். 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் கீஸ் பெண்டுக்கு வந்து பேசினார். வாக்குரிமை கேட்டதற்காகச் சுற்றுவட்டாரத்தில் பலர் வேலையை இழந்தார்கள். வெள்ளையர் நிலத்தில் குடியிருந்தவர்கள் வீட்டையே இழந்தார்கள். சொந்த நிலம் இருந்ததால் கீஸ் பெண்ட் மக்களை அவ்வளவு எளிதில் விரட்ட முடியவில்லை.

அந்தச் சூழலில் பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார், அங்கே கொடிகளில் காய்ந்த போர்வைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் 10 டாலர் கொடுத்து வாங்கி, நியூயார்க்கில் ஏலம் விட்டார். 1966 மார்ச்சில் பெண்கள் கூடி ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற போராளி அதைப் பல ஆண்டுகள் நடத்தினார். வோக் இதழின் ஆசிரியரும் பெரிய கடைகளும் ஆர்வம் காட்டின. வந்த பணத்தில் அவர்கள் 23 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1969இல் சொந்தத் தையற்கூடம் கட்டி, அதற்கு மார்ட்டின் லூதர் கிங் பெயரை வைத்தார்கள். நிலத்தில் ஒரு பகுதியை, வாக்குரிமை கேட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு மனையாக விற்றார்கள்.

பெண்கள் ஏதோ கைவேலை செய்து நாலு காசு பார்த்த கதையாக மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அரசியலை வெட்டிவிட்டுச் சொல்லும் கதை அது. ‘விடுதலை’ என்ற சொல்லைத் தங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். பெயரைத் தாங்களே எழுதியது அதுவே முதல்முறை.

1972இல் சியர்ஸ் என்ற பெரிய கடைத்தொடர் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கொடுத்தது. துணி கார்டுராய். அளவும் தையலும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். போர்வையில் ஒவ்வொரு பெண்ணும் தன் கண் போன போக்கில் துணியை வெட்டிச் சேர்ப்பாள். ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் மாதாமாதம் கூலி வந்தது. வயலைத் தவிர வேறு வேலையே இல்லாத ஊருக்கு அது சிறிய விஷயமல்ல. வெட்டியபின் மிஞ்சிய பொன்மஞ்சளும் பச்சையும் சிவப்புமான துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். அந்த மிச்சத்தில் தைத்த கார்டுராய் போர்வைகள் பின்னாளில் அருங்காட்சியகத்துக்குப் போயின. கம்பெனி தரம் பார்த்து வாங்கிய உறைகளை இன்று யாரும் தேடுவதில்லை. நம் ஊரில் அதே 1972இல்தான் பம்பாய் இளைஞர்கள் பிளாக் பேந்தர்களைப் பார்த்து தலித் பேந்தர் இயக்கம் தொடங்கினார்கள் என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்வோம்.

சுவரில் ஏறியபின்

1990களின் இறுதியில் வில்லியம் ஆர்னெட் என்ற கலைச் சேகரிப்பாளர் கீஸ் பெண்டுக்கு வந்து நூற்றுக்கணக்கான போர்வைகளை வாங்கினார். 2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் கண்காட்சி நடந்தது. விமர்சகர்கள் நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள். 2006இல் அரசு பத்துப் போர்வைகளை 39 சென்ட் தபால்தலைகளாக வெளியிட்டது. பத்து டாலருக்குப் போனவை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகத் தொடங்கின. வடிவங்கள் கம்பளத்திலும் வீட்டுப் பொருள்களிலும் ஏறின.

2007இல் அனி மே யங், லொரெட்டா பெட்வே உள்ளிட்ட மூன்று பெண்கள் நீதிமன்றம் போனார்கள். தங்கள் வேலையிலிருந்து வந்த வருமானத்தில் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்பது வழக்கு. ஆர்னெட் தரப்பு மறுத்தது. 2008இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. அவர்கள் எழுப்பிய கேள்விதான் நமக்கு வேண்டும். அட்டையில் பெயர் வந்துவிட்டது. பெயர் வந்தால் போதுமா? போர்வையை ஒருமுறை விற்றபின், அதன் வடிவத்துக்கு யார் சொந்தக்காரர்?

அதற்குப் பின் வடிவங்களின் பதிப்புரிமையைக் கலைஞர்களுக்கே உறுதிசெய்யும் முயற்சிகள் நடந்தன. 2021 முதல் அந்த ஊர்ப் பெண்கள் பலர் இணையத்தில் சொந்தக் கடை வைத்து, தங்கள் பெயரில், தாங்களே விலை போட்டு விற்கிறார்கள். 1966இல் தொடங்கிய பயணம் அது. அதற்கிடையில் 2012இல் அந்தக் கூட்டுறவு மூடப்பட்டுவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஓரத்தில் உள்ள பெயர்கள்

இன்றைய போர்வைத் துணிக்கு வருவோம். பஞ்சு நூலாகிறது. நூல் பாவும் ஊடையுமாக, எளிய நெசவில், காடா துணி ஆகிறது. பல்லடம், சோமனூர் தோழர்களுக்குக் காடாவை விளக்க வேண்டியதில்லை. பிறகு கஞ்சி நீக்கி, வெளுத்து, அச்சுக்குப் போகும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை. நிறம் கூடக்கூடச் செலவு கூடும். கடைசியில் சுமார் 44 அங்குல அகலத்தில் அட்டையில் சுற்றிக் கடைக்குப் போகிறது. கடைக்காரர் வாங்கிய விலையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி விற்பது வழக்கம். அமெரிக்காவில் நல்ல போர்வைத்துணி இன்று கெஜம் 12 டாலருக்குக் குறையாது.

அந்தத் துணியின் ஓரத்தைக் கவனியுங்கள். நெய்த கரையில் சிறு எழுத்தில் அச்சிட்டிருக்கும்: வடிவமைத்தவரின் பெயர், கம்பெனியின் பெயர், அந்த வரிசையின் பெயர். பக்கத்தில் வண்ண வட்டங்கள், ஒரு நிறத்துக்கு ஒன்று. எத்தனை நிறம் என்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. பஞ்சு எடுத்தவர், நூற்றவர், நெய்தவர், சாயத்தில் நின்றவர் என யாரும் இல்லை.

1958இல் அமெரிக்கா இயற்றிய துணி அடையாளச் சட்டம் பெயர்ச்சீட்டில் மூன்று செய்திகளைக் கேட்கிறது: என்ன நார், எந்த நிறுவனம், எந்த நாடு. வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதற்கான சட்டம் அது. உழைப்பவர் ஏமாறக் கூடாது என்பது அதன் கேள்வியே அல்ல.

நம் மாநிலத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று சொன்னார்களே, அதை மறக்க முடியுமா? 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு வெளியிட்ட ஆய்வு, அந்தப் பெண்களில் பெரும்பகுதி தலித்துகள் என்றும், அவர்கள் உழைப்பு ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளின் உடைகளுக்குள் போகிறது என்றும் எடுத்துக்காட்டியது. கட்டுண்ட உழைப்புக்கு எவ்வளவு மங்கலமான பெயர் பாருங்கள்! ‘நீக்ரோ துணி’ என்ற பெயர் இழிவை வெளிப்படையாகச் சொன்னது. ‘சுமங்கலி’ அதை மஞ்சள் பூசி மறைத்தது.

நாம் வேலைசெய்யும் பகுதிகளில் பெண்கள் பனியன் வேஸ்டை எடைக்கு வாங்கி வந்து, மிதியடியும் தலையணையும் தைக்கிறார்கள். அந்தத் துணியையே கம்பெனி மீட்டர் கணக்கில் வாங்கியிருக்கும். வெட்டி விழுந்ததும் கிலோ கணக்கு. அந்தப் பெண்களின் வேலைக்கு உருப்படிக் கணக்கு. நகரத்துக் கண்காட்சியில் அது ‘மறுசுழற்சிக் கைவினை’ ஆனதும் வேறு கணக்கு. ஒவ்வொரு கைமாறலிலும் அளவுகோல் மாறுகிறது, அதை மாற்றுபவர் ஒருபோதும் தைப்பவர் அல்ல. ஒரு குழுவில், “உங்க பேரைத் துணியில தைச்சுக் கொடுக்கலாமே அக்கா” என்று கேட்டோம். “பேரைப் போட்டா எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேப்பாங்க தம்பி” என்றார் ஒருவர். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆய்வுக்குப் போகும் மாணவர்களும் களத்தில் நிற்கும் தோழர்களும் ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது சில கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இதற்குப் பெயர் வைத்தவர் யார்? எந்த அளவுகோலில் விலை போட்டார்கள், அதை யார் தேர்ந்தெடுத்தார்கள்? சீட்டில் எழுதாமல் விட்டது எது? செய்தவர் தன் பெயரைப் போட அஞ்சுகிறாரென்றால், எதற்கு அஞ்சுகிறார்?

கீஸ் பெண்ட் பெண்களுக்குக் கலை உலகம் வருவதற்கு முன்பே நிலம் இருந்தது, கூட்டுறவு இருந்தது, வாக்குரிமைப் போராட்டம் இருந்தது. அவை இருந்ததால்தான் பத்து டாலரைக் கேள்வி கேட்க முடிந்தது, பிறகு நீதிமன்றமும் போக முடிந்தது. நம் அக்கா தன் பெயரைத் துணியில் தைக்க வேண்டுமானால், முதலில் எந்தத் தெரு என்ற கேள்விக்கு முடிவுகட்ட வேண்டும். தையலைச் சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் வருகிறார்கள். நாம் போகவேண்டியது அந்த வேலைக்கு.